தாழைநாட்டு ராஜாவும் மரப்பொம்மைகளும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மரங்கள் தாமே நடந்து போய் ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த காலத்தில், தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. சின்ன நாடுதான். ஒரு பெரிய ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு நடுவில் ஓர் அரண்மனை. ஆனால் அந்த அரண்மனைக்குள் கேட்ட சத்தம் இருக்கிறதே, அது சின்னச் சத்தம் இல்லை!

பெரிய ராஜா இருந்த நாளில் அங்கே எல்லோரும் பேசுவார்கள். சமையற்கட்டில் சடையம்மாள் பேசுவாள். சபையில் மந்திரி ஏகாம்பரம் பேசுவார். லாயத்தில் முத்திருளன் குதிரைகளோடு பேசுவான். ராஜா மோவாயில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். கேட்டுவிட்டுத்தான் ஒரு வார்த்தை சொல்வார்.

பெரிய ராஜா காலமானார். மகன் மருதவாணன் பட்டத்துக்கு வந்தான். நல்ல பிள்ளை. குதிரை ஏறினால் காற்று, வாள் எடுத்தால் மின்னல். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். யாரையும் பேசி முடிக்க விடமாட்டான். வாயைத் திறந்ததுமே, "புரிஞ்சுது, போ!" என்பான்.

"சொல்லி முடிச்சுடறேன், மகாராஜா..." என்று மந்திரி கெஞ்சுவார்.

"புரிஞ்சுது, போ!"

ஒரு நாள் சபைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் கருவேலி. ஏரிக்கரைத் தாழம்புதருக்குள் குடியிருந்தவள். மந்திரம் தெரிந்தவள் என்று ஊரில் பேச்சு.

"மகாராஜா, ஏரிக்கரையிலே..." என்று ஆரம்பித்தாள்.

"புரிஞ்சுது, போ!"

"இல்லை மகாராஜா, கரையிலே ஒரு..."

"புரிஞ்சுது, போ!"

"சொல்லி முடிச்சுடறேன்..."

"புரிஞ்சுதுன்னு சொன்னேனே, போ!"

கருவேலியின் கண் சிவந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "பேச்சைக் கேக்காதவனுக்குப் பேசுற ஆள் எதுக்கு? இனிமே நீ யாரைப் பேசவிடாம ஏவுறியோ, அவங்க மரப்பொம்மையா ஆகட்டும். சொன்னதைச் செய்வாங்க. சொன்னதை மட்டும்தான் செய்வாங்க. இதுக்கு மாற்று என்னன்னா..."

"புரிஞ்சுது, போ!" என்றான் ராஜா.

அவளும் போய்விட்டாள். மாற்று என்னவென்று கேட்காமலேயே விட்டுவிட்டான், பார்த்தீர்களா!

முதலில் அவனுக்கு அது சாபமாகவே தெரியவில்லை. மந்திரி மரமானார். கையைக் கட்டிக்கொண்டு "ஆகட்டும், மகாராஜா" என்றார். முத்திருளன் மரமானான். "ஆகட்டும், மகாராஜா" என்றான். எதிர்ப்பேச்சு இல்லை, முணுமுணுப்பு இல்லை. ராஜ்ஜியம் நடத்துவது இவ்வளவு சுலபமா என்று மருதவாணன் மீசையைத் தடவிக்கொண்டான்.

பிறகு குளிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். மரமான சடையம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். மறுபடி கொண்டுவந்தாள். மறுபடியும் கொண்டுவந்தாள். தொட்டி நிறைந்து, அறை நிறைந்து, படி வழியே வழிந்தது. 'போதும்' என்று அவன் சொல்லவில்லையே! முத்திருளனிடம் குதிரைக்குக் கொள் போடச் சொன்னான். குதிரையின் கழுத்துவரை கொள் குவிந்து, குதிரை கனைத்த கனைப்பில்தான் விஷயம் தெரிந்தது.

மருதவாணனுக்கு ஓர் அக்கா உண்டு. நாகவல்லி. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அன்று மாலை அவனைத் தேடி வந்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் இப்படி உக்காரு. உன்கிட்டே..."

"அக்கா, நானே எரிச்சல்ல இருக்கேன். பேசாம அந்த மூலையில உக்காரு!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் ஆகிவிட்டது. நாகவல்லி மூலையில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கன்னத்தில் பலாமரத்து வரி ஓடியது. கண் மட்டும் அவனையே பார்த்தது.

"அக்கா! எழுந்திரு அக்கா!"

"ஆகட்டும், மகாராஜா" என்று எழுந்து நின்றாள். தம்பி என்று அவள் சொல்லவில்லை.

அன்றுதான் மருதவாணன் அழுதான்.

கருவேலியைத் தேடி ஏரிக்கரைக்கு ஓடினான். குடிசை காலி. ஆனால் அங்கே வேறொன்றைப் பார்த்தான். கரையில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் சொல்ல வந்தது இதுதானா! மழைக்காலம் வந்து ஏரி நிரம்பினால் ஊரே போய்விடும்.

பொம்மைகளைக் கூட்டிவந்து, "கரையிலே மண்ணைக் கொட்டுங்க" என்றான். கொட்டினார்கள். எங்கே கொட்டுவது என்று யோசிக்க அவர்களுக்கு மனம் ஏது? ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்காக முன்னோர் கட்டிய கலிங்கின் வாயிலேயே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். கை ஓய்ந்து ராஜா திரும்பி வந்தான்.

அரண்மனையில் ஈ பறந்தாலும் கேட்டது. அப்போது உத்தரத்திலிருந்து மந்திரி இருமினார். பிறகு சடையம்மாள் கலகலவென்று சிரித்தாள். துள்ளி எழுந்து பார்த்தான். ஒரு மைனா! அவனுடைய அப்பா வளர்த்த மைனா. அதை அவன் ஏவியதே இல்லை, அதனால் அது மரமாகவில்லை. பழைய குரல்களை எல்லாம் அது தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உப்பு போட்டாச்சா, சடையம்மா?" என்றது, அப்பாவின் குரலில். மருதவாணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பண்டிகை நாளில் சமையற்கட்டில் கேட்கும் ஆரவாரம், வரி குறைப்பதா கூட்டுவதா என்று சபையில் நடக்கும் சண்டை, அக்கா தாயக்கட்டை உருட்டும்போது போடும் கூச்சல், எல்லாம் அந்தச் சின்ன அலகிலிருந்து வந்தன. அப்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன், இப்போது ஒரு சத்தம் விடாமல் கேட்டான்.

கடைசியில் மைனா, "சொல்லி முடிச்சுடறேன், மகாராஜா" என்றது. மந்திரி குரலில் ஒரு தரம், முத்திருளன் குரலில் ஒரு தரம், சடையம்மாள் குரலில் ஒரு தரம்.

மறுநாள் விடிந்ததும் சடையம்மாள் எதிரே போய் உட்கார்ந்தான். "சொல்லு சடையம்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்."

பொம்மை பேசவில்லை. அவன் நாக்கு துறுதுறுத்தது. இது சரிப்படாது என்று ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டான். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது, எதிராளி முடிக்கும்வரை. காத்திருந்தான். வெயில் முற்றத்துக்கு வந்தது. அப்போதுதான் அந்த மரவாய் மெல்ல அசைவதைக் கண்டான்.

"ம... கா... ரா..."

அவர்கள் பேசாமல் இல்லை. மிக மிக மெதுவாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நின்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. விடிந்ததும் எழுவான். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்வான். சடையம்மாள் பக்கத்தில் உட்கார்வான். அவள் அம்மியில் அரைத்தால் இவன் தேங்காய் துருவுவான். புகைபோக்கி அடைத்துக்கொண்டது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடித்த நாளில், மர விரலில் ரத்தம் ஓடியது. "அடேயப்பா, என்ன நெஞ்சடைப்பு!" என்று மூச்சு விட்டாள் சடையம்மாள்.

அடுத்து முத்திருளன். லாயத்தைக் கூட்டிக்கொண்டே கேட்டான். அவனும் ஆளானான். அடுத்து மந்திரி. தோள்வரை ஆளாகிவிட்டார். நெல் விலையைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டே போனார். மருதவாணன் பொறுக்கமாட்டாமல் தண்ணீரை விழுங்கிவிட்டு, "புரிஞ்சுது!" என்றான்.

அவ்வளவுதான். மந்திரி உச்சியிலிருந்து பாதம்வரை மறுபடியும் மரம்.

ராஜா தலையில் அடித்துக்கொண்டான். "நான் எதுக்கும் லாயக்கில்லை, சடையம்மா."

"எத்தனை வருஷத்துப் பழக்கம், மகாராஜா! ஒரே நாள்ல போயிடுமா? நாளைக்கும் போய் உக்காருங்க" என்று சொல்லி, செம்பில் தண்ணீர் மொண்டு வைத்தாள்.

போய் உட்கார்ந்தான். மறுநாளும் உட்கார்ந்தான். மந்திரி மீண்டார். வாசல்காவலர் மீண்டார், வண்ணார் மீண்டார், தோட்டக்காரர் மீண்டார். நாகவல்லி மட்டும் அசையவில்லை. அக்காவின் எதிரே இருட்டும்வரை உட்கார்ந்தாலும் உதடு திறக்காது. அவன் திரும்பி வரும்போது மைனாதான், "தம்பி, சாப்டியா?" என்று அவள் குரலில் கேட்கும்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரி விளிம்பைத் தொட்டது. ஊரே கரையில் திரண்டது. கூட்டத்தில் மண்கூடையோடு கருவேலியும் நின்றாள்.

மருதவாணன் நேரே அவளிடம் போனான். "அம்மா, அன்னைக்கு உங்களைச் சொல்ல விடல. தப்பு என்னுது. இப்ப சொல்லுங்க."

"வெடிப்பு அடிவரைக்கும் போயிருக்கு, ராஜா. மேலே மண் போட்டுப் பிரயோசனம் இல்லை. தண்ணியை இறக்கணும்."

"கிழக்குக் கரையை வெட்டிவிடலாம், அரண்மனை தப்பிச்சுக்கும்" என்றான் முத்திருளன்.

"கிழக்கே எங்க தெரு இருக்கு! புள்ளைகுட்டி எல்லாம் அங்கேதான்!" என்று கத்தினாள் சடையம்மாள்.

"கலிங்கைத் திறந்தா தெரு தப்பும். ஆனா தேங்கின வெள்ளமெல்லாம் ஒரேயடியா அரண்மனை வழியாத்தான் போகும், மகாராஜா" என்றார் மந்திரி.

ராஜா எல்லோரையும் சொல்லி முடிக்கவிட்டான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். "கலிங்கைத் திறப்போம். இது என் முடிவு. என்ன வந்தாலும் என் தலையில." மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை அவனே வெட்டினான். எங்கே வெட்டுவது, எங்கே விலகுவது என்று இப்போது அவரவருக்கே தெரிந்தது. மண் சரிந்தது. தண்ணீர் பாய்ந்தது. கரை நின்றது!

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. "அக்கா!" என்று அலறினான் மருதவாணன். "அக்கா உள்ளே இருக்கா!"

ஓடினான். வெள்ளம் அரண்மனைக்குள் மார்பளவு ஓடியது. தூண்களுக்கு நடுவே நாகவல்லி மிதந்து வந்தாள். மரம் அல்லவா, மூழ்கவில்லை. பாய்ந்து பிடித்துக்கொண்டு, ஒரு தூணைக் கட்டிக்கொண்டான். அப்போது அவள் உதடு அசைந்தது.

"தம்... பி..."

வெள்ளம் இழுத்தது. கை வலித்தது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. இப்போது வாயில் தண்ணீரும் இல்லை, தேவையும் இல்லை.

"உன்... கூட... கொஞ்ச நேரம்... பேசிக்கிட்டு... இருக்கணும்போல... இருந்துச்சுடா... வேற... ஒண்ணும்... இல்லை..."

சொல்லி முடித்தாள். அவன் தோளில் சாய்ந்த கன்னம் கதகதப்பாக இருந்தது. நாட்டில் மிச்சமிருந்த பொம்மைகள் எல்லாம் அதே நொடியில் மூச்சு விட்டன என்கிறார்கள்.

வெள்ளம் வடிந்தது. கருவேலியை ஏரிக்காவலுக்குத் தலைவியாக வைத்தான் ராஜா. அரண்மனை இடிந்து கிடந்ததால் சடையம்மாளின் தெருவிலேயே எல்லோருக்கும் இலை போட்டார்கள். நாகவல்லி ஒன்று சொல்ல, மந்திரி மறுத்துச் சொல்ல, முத்திருளன் குறுக்கே சிரிக்க, தெருவே பேசியது. ராஜா மோவாயில் கை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

சோறு ஆறிப் போயிற்று. குழம்பு ஆறிப் போயிற்று. பேச்சுதான் முடியவில்லை.