அகலம் கேட்ட ஆறடி

ஓர் ஊரில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடை இருந்தது. அங்கே அச்சாகும் ஒவ்வொரு படத்திலும் உயரம், அகலம் என்று அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். அவர்களுடைய அக்கா மூலைவிட்டம். கீழ் மூலையிலிருந்து எதிர் மேல்மூலை வரை சாய்ந்து படுத்திருப்பாள், கேட்டால்தான் பேசுவாள்.

ஒருநாள் பூங்கோதை என்ற கல்யாணப் பெண்ணின் படம் வந்தது. இரண்டடி அகலம், மூன்றடி உயரம். மறுநாள் காலை மண்டப வாசலில் அதையே ஒன்பதடி உயரத்தில் கட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரில் பலர் பெண்ணைப் போனில்தான் பார்த்திருந்தார்கள்.

கடைக்காரர் ஏகாம்பரம் உயரத்துக்கு ஆறடி கூட்டினார். "அகலத்துக்கு நாலு போதும்" என்றார்.

"அண்ணனுக்கு ஆறு, எனக்கு நாலா?" என்று பிடித்துக்கொண்டான் அகலம். "ஒரே வீட்டுல பொறந்தவங்கதானே நாங்க? ஏற்கெனவே ஓரடி கம்மி. இன்னும் குறைச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கொடுத்துத் தொலைங்க சார்" என்றான் உயரம். "இல்லேன்னா மண்டபம் வரைக்கும் இதே பாட்டுதான்."

மூலைவிட்டம் வாயைத் திறக்கப் பார்த்தாள்.

"அக்கா, உன்னை யாரு கேட்டா?" என்றான் அகலம்.

ஏகாம்பரம் தன் பிள்ளைகளுக்கு ஒரு வடையைக்கூட அளந்து பிய்த்துக் கொடுப்பவர். அவருக்கும் இதுதான் நியாயம் என்று பட்டது. இருவருக்கும் ஆறாறு அடி கூட்டினார். எட்டடி அகலம், ஒன்பதடி உயரத்தில் பேனர் தயார்.

காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் மண்டப வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் அத்தை சௌந்தரவல்லி ஒரு காலைத் தரையில் வைத்தவர், பேனரைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"டிரைவர் தம்பி, இது வேற கல்யாணம்பா."

"மண்டபம் இதுதாம்மா. மாப்பிள்ளை பேரு போட்டிருக்கு பாருங்க."

"பேரு சரி. பொண்ணு? போன்ல மாங்கா மாதிரி லட்சணமா இருந்துச்சு மூஞ்சி. இது பூசணிக்காயா இருக்கே! பொண்ணை மாத்திட்டாங்களா?"

வேனிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. சேதி உள்ளே போயிற்று. கழுத்து மாலையோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த பூங்கோதைக்கு அழுகை முட்டியது. கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பேனர்ல இருக்கிறது யாருண்ணே?"

"அரை மணி நேரம் கொடும்மா" என்றார் ஏகாம்பரம்.

விரிந்து நின்ற அகலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. "அக்கா, எனக்கும் ஆறு, அண்ணனுக்கும் ஆறு. அப்புறம் மூஞ்சி ஏன் மாறுச்சு?"

"சின்னப் படத்துல நான் எப்படிச் சாஞ்சிருந்தேன்? இப்ப பாரு, அதைவிடச் சரிஞ்சு போயிட்டேன். நீங்க எத்தனை அடி வளர்ந்தீங்கன்னு முகத்துக்குத் தெரியாதுடா. எத்தனை மடங்குன்னுதான் தெரியும்."

அகலம் விரல்விட்டு எண்ணினான். அண்ணன் மூன்றிலிருந்து ஒன்பது, மூன்று மடங்கு. தான் இரண்டிலிருந்து எட்டு, நான்கு மடங்கு.

"அட, நான்தான் அதிகமா அள்ளியிருக்கேனா! அப்ப எனக்கும் மூணு மடங்குன்னா மொத்தமே ஆறடி." சற்று யோசித்தான். "ஆனா முன்னே அண்ணனைவிட ஓரடிதான் கம்மி. இப்ப மூணடி கம்மியாயிடுமே. அப்பவும் அதே மூஞ்சி வருமா?"

"நின்னுதான் பாரேன்" என்றாள் அக்கா.

ஆறடி அகலத்தில் புதுப் பேனர் ஏறியது. சௌந்தரவல்லி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வேனுக்குள் திரும்பி, "இறங்குங்கடி, நம்ம பொண்ணுதான்!" என்றார்.

அகலம் அண்ணனைவிட மூன்றடி குறைவாக நின்றான். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பூங்கோதையைத்தான் பார்த்தார்கள்.