இறக்கத்தில் எலுமிச்சம்பழம்

மலைமேல் இருக்கும் கல்குவாரியில் முதலாளி ரத்னவேல் வைத்ததுதான் சட்டம். லோடோடு இறங்கும்போது பாறையில் மோதிச் செத்த டிரைவர் மாரப்பனைக் குடிகாரன் என்றார். ஊரும் அப்படியே சொன்னது. மாரப்பன் குடிக்கவே மாட்டான் என்பது மெக்கானிக் செபஸ்திக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்பார்கள்?

மாரப்பன் ஓட்டி மூக்கு நொறுங்கிய அந்தப் பழைய பிக்கப் வண்டியைச் செபஸ்தியின் ஷெட்டுக்கே இழுத்து வந்தார்கள்.

"லாரி இன்ஜினும் கியர்பாக்ஸும் தர்றேன், இதுல ஏத்து. வெள்ளிக்கிழமை லோடு அடிக்கணும். முடியலைன்னா என் இடத்தைக் காலி பண்ணு," என்றார் ரத்னவேல்.

"பிரேக்கையும் மாத்திடலாமுங்க."

"பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை. ஓட்டுனவன்தான் சரியில்லை."

செபஸ்தி வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டி, இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்து, அடங்காத இன்ஜினை அடக்கினான். வெள்ளிக்கிழமை குவாரியில் கல் ஏற்றி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர்கள் பார்க்க முதலாளியிடம் சாவியை நீட்டினான்.

"வேற இன்ஜின் போட்டா முதல் ஓட்டம் முதலாளி கையாலதானுங்களே."

ரத்னவேல் சிரித்தபடி ஏறி உட்கார்ந்தார். எதிரே இறக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இத்தனை லோடோட எப்படிடா இறக்குறது? இந்த பிரேக் நிக்காதேடா."

டிரைவர்கள் வண்டியை நெருங்கி வந்தார்கள்.

"மாரப்பனும் இதே பிரேக்லதானுங்க இறங்குனான்," என்றான் செபஸ்தி.

ரத்னவேல் கீழே இறங்கி, சாவியைச் சுற்றிலும் நீட்டிப் பார்த்தார். வாங்க ஒரு கையும் வரவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமலே கிடந்தன.