தொந்தரவு இல்லாத தெரு

புரசைவாக்கத்தில் வாடகைக்கு இருந்த சபாபதிக்கும், தம்பி தணிகாசலத்துக்கும், தங்கை வகுளாவுக்கும் நூறு வருஷத்துப் பழைய வீடு ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசை. மாசக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் கெடு வைத்ததும், ஆசை அவசரமாகிவிட்டது.

"முதல்ல வீட்டைப் பார்க்காதீங்க, ஏரியாவைப் பாருங்க. தெருவுல தொந்தரவான ஆளுங்க இருக்காங்களான்னு விசாரிங்க" என்றார் தரகர்.

எம்.ஏ. படித்த வகுளா அதை வரி மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்குக் கூச்சம் அதிகம். அதனால் விசாரிப்பது அண்ணன்கள் பொறுப்பு.

மறுநாள் ராயபுரம். பழைய வீடு வரும்போதெல்லாம் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வீடு தாண்டியதா என்று தெரிய வேண்டுமே. அதனால் வகுளா மட்டும் ஒரு கண்ணைக் கட்டினாள்.

"தொந்தரவு ஏதாச்சும் உண்டாம்மா?" என்று பூக்கடையில் கேட்டார் சபாபதி.

"நேத்து வரைக்கும் இல்லப்பா. இன்னிக்கு யாரோ மூணு பேர் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சுத்துறாங்களாம். அதுல ஒண்ணு பொம்பளைப் புள்ளை."

நோட்டில் ராயபுரத்தை வகுளா அடித்துவிட்டாள்.

திருவல்லிக்கேணியிலும் மூணு பேராம். மயிலாப்பூரில் அதில் ஒருவன் மாட்டின் மேலேயே மோதிவிட்டானாம்.

"எனக்கும் அங்கதான் மாடு இடிச்சுது" என்றான் தணிகாசலம்.

"மோசமான ஏரியா" என்றார் சபாபதி.

சோர்ந்து வீடு திரும்பியபோது, தெருமுனை இஸ்திரிக்காரர் முனிரத்தினத்திடமும் கேட்டுவைத்தார்கள்.

"இருந்தாங்க, மூணு பேர். காலையில கிளம்பினாங்க. இந்த நிமிஷம் வரைக்கும் தெரு நிம்மதியா இருந்துச்சு."

சொல்லும்போது அவர் வகுளாவையே பார்த்தார். 'முகம் பார்த்துப் பேசும் மனிதர்கள். மரியாதையான தெரு' என்று அவள் எழுதிக்கொண்டாள்.

அதே தெருக்கோடியில் விலைக்கு வந்திருந்த பழைய வீட்டைப் பார்க்காமலே கிரயம் செய்தார்கள். சாவி கிடைத்ததும் பால் காய்ச்சப் பால் வாங்கக் கிளம்பினார்கள்.

"வழியில அந்த மூணு பேர் சாவியைப் பிடுங்கிட்டா?" என்றான் தணிகாசலம்.

நியாயமான பயம். சாவியை முனிரத்தினத்திடம் கொடுத்தார்கள்.

"அந்த மூணு பேர் வந்து கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க" என்றார் சபாபதி.

"சத்தியமா குடுக்க மாட்டேன்."

பாலோடு திரும்பி வந்தார்கள். முனிரத்தினம் மூவரையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நாணயம் பாரு" என்றபடி புதுவீட்டுக்கு எதிரில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார் சபாபதி.

"பால் திரியறதுக்குள்ள வீட்டையாவது பார்த்துடலாமா?" என்றான் தணிகாசலம்.

வகுளா நோட்டைப் புரட்டினாள். "எப்போ பார்க்கணும்னு தரகர் சொல்லலையே, அண்ணா."

மூவரும் கைக்குட்டையை எடுத்தார்கள்.