இருபது பர்கருக்கு ஒரு வால்

ஒரு ஊர் இருந்ததாம். வெட்டப்படுகிற ஆட்டுக்கு இருந்த புத்தியில் பாதி வெட்டுகிறவர்களுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லையாம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள், வேண்டாம்.

அங்கே மொக்கராசு கறிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், மற்ற ஆறு நாளும் ஈ. "பங்குனிக்குள்ள யாவாரம் தேறலைன்னா கடையப் பூட்டிட்டு என் சூளைக்குச் செங்கல் சுமக்க வந்துருங்க மாப்ளே" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒச்சப்பன், சோணை, தவசி மூன்று பேரும் மொக்கராசு கடையில்தான் இருந்தார்கள். செங்கல் சுமக்கவும் லாயக்கில்லை என்று அவரே அனுப்பி வைத்தவர்கள்.

செங்கல் என்று நினைத்தாலே மொக்கராசுக்குத் தோள் வலித்தது. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் வந்தார்.

"சனிக்கிழமை கபடிப் பசங்களுக்கு இருபது பர்கர் வேணும். கறியக் கொத்தி, தட்டிச் சுட்டு, பன்னுக்கு நடுவுல வச்சுக் குடுங்க. இலைதழை கொஞ்சம் இருக்கணும். நல்லா இருந்தா வாராவாரம் உங்க கடைதான். ஆனா ஒண்ணு, வெள்ளாடுதான்னு பாத்ததும் தெரியணும்."

சனிக்கிழமை காலை இருபதும் தயார். பேக்கரிக்காரர் கொசுறாகக் கொடுத்த இரண்டு பன் மிச்சம். வாத்தியார் வருகிற நேரம் பார்த்துத்தான் அவர் கடைசியாகச் சொன்னது மொக்கராசுக்கு ஞாபகம் வந்தது.

"டேய், கொத்துன கறியப் பாத்து வெள்ளாடா செம்மறியான்னு எவனுக்குடா தெரியும்?"

"வால் இருக்குல்ல மாமா" என்றான் ஒச்சப்பன்.

நியாயம்தான். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் முடியோடு விட்டுவைப்பார்கள். அந்த வாலைப் பார்த்துத்தான் வெள்ளாடு என்று சனம் நம்பும். மனுசன் முகத்தைப் பார்த்து யாரையும் நம்பாத ஊர் அது.

"வால் ஒண்ணு. பர்கர் இருபதுடா."

"இன்னும் பத்தொம்பது ஆட்ட வெட்டிருவோம்" என்றான் சோணை.

"அந்தக் கறிக்கும் பர்கர் போடணும். அதுக்கு வாலுக்கு எங்க போறது?"

"வால இருபது துண்டாப் போட்டா?" என்றான் ஒச்சப்பன்.

"துண்டு வாலப் பாத்தா பெருச்சாளின்னு சொல்லிருவாய்ங்க."

நால்வரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள். தவசி எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். அதனால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு யோசிப்பான். அவன் எழுந்து நின்றான்.

"மாமா, ஆட்டையும் துண்டு துண்டாத்தான விக்கிறோம்? துண்டுக்கு ஒரு வாலா இருக்கு? முழுசாத் தொங்குறதால ஒரு வால் போதுது. பர்கரையும் முழுசாத் தொங்கவிடுவோம்."

மொக்கராசுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மூளையையா மாமனார் சூளையில் வேகவைக்கப் பார்த்தார்!

கோணி ஊசியில் சணலைக் கோத்து இருபதையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்தார்கள். கொக்கியில் மாட்டினார்கள். வால் மேலேயா கீழேயா என்று ஒரு சண்டை வந்தது. ஆட்டைப் பின்னங்காலில்தானே தொங்கவிடுவோம், வால் மேலேதான் என்று தீர்ப்பானது.

வாத்தியார் வந்தார். பார்த்தார். வாலைப் பிடித்து இழுத்தார். வால் கையோடு வந்துவிடாமல் மொக்கராசு சணலைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளாடுதான்" என்றார் வாத்தியார். "சரி, கெடாவா பொட்டையா?"

கெடா என்று காட்டக் கறிக்கடையில் எதை வெட்டாமல் விட்டுவைப்பார்கள் என்பது கறி வாங்குகிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொக்கராசு அந்த இரண்டு கொசுறு பன்னையும் எடுத்து, வாலுக்குக் கீழே சேர்த்துக் கட்டினார்.

"நல்ல வளத்தியான கெடா!" வாத்தியார் அதை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். "ஆமா, இலைதழை சொல்லிருந்தேனே?"

மொக்கராசின் தோளில் ஒரு லோடு செங்கல் ஏறி உட்கார்ந்தது.

சோணை உள்ளே ஓடி, ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்தான். "மறக்கல சார். இங்கனயே வச்சா வழியிலயே தின்னு தீத்துரும்னுதான் தனியா வச்சேன். பள்ளிக்கூடம் போய்ச் சேந்ததும் போடுங்க."

வாத்தியார் கீரையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். தோளில் தொங்கியதைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"தண்ணி காட்டிட்டீங்களா?"

"விடியக்காலையிலயே காட்டியாச்சு சார்" என்றார் மொக்கராசு.

"அப்பச் சரி. வாராவாரம் உங்க கடைதான்" என்று சொல்லிவிட்டு, அது முட்டிவிடாதபடி ஒரு கையால் தடவிக்கொடுத்துக்கொண்டே வாத்தியார் நடந்து போனார்.