ஆறாவது கால்

ணங்.

கடப்பாரை பாறையில் மோதிய அந்த ஓசையைக் கேட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரமத்துச் சமையற்கட்டில் நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குரு நாச்சியம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார். சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரம்பம் அறுத்தது. அம்மை தலையை மட்டும் நிமிர்த்தினார்.

பின்புறச் சரிவில் மரமேடை எழுந்துகொண்டிருந்தது. அன்று வைகாசிப் பௌர்ணமி. மாலையில் அந்த மேடையில்தான் திருமலைக்கொழுந்துக்குத் தீட்சை. ஏழு வருடம் காத்திருந்தவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அம்மையைவிட இருபது வயது மூத்தவர். மேடையைத் தானே கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஐந்து கால்களை இடுப்பளவு ஆழத்தில் நட்டுவிட்டார். மிச்சம் ஒன்று, பள்ளத்தைப் பார்த்த மூலையில்.

மத்தியானத்துக்குள் பலகைகளும் ஏறிவிட்டன.

"அம்மா! ஓடி வாங்க! ஆறு காலும் ஒரே மட்டம்! ஒரு நூல் பிசகில்லை!"

அம்மை போனார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை நிரப்பி மேடைமேல் வைத்துப் பார்த்தார். தண்ணீர் விளிம்பில் எந்தப் பக்கமும் சாயவில்லை.

"அட, வாத்தியார் கணக்கு தப்பாதுபோல!"

"நூத்துக்கு நூறும்மா!" அவர் நடுப் பலகையைக் காலால் தட்டிக் காட்டினார். "நீங்க நடுவுல உட்காருங்க. நான் எதிர்ல."

"மூலையில காத்து நல்லா வருமே." அம்மை பள்ளத்துப் பக்கம் நடந்தார்.

"அங்க வேண்டாம்மா!"

அந்தக் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. அம்மை நின்றார்.

"ஏன் ஐயா? மட்டம் சரியாத்தானே இருக்கு?"



"ஒரு முழத்துல பாறை வந்துடுச்சு. காலோட அடியை அறுத்து நட்டுட்டேன்."

"பாறையில குழி கொத்தலாமே."

"மூணு நாள் ஆகும்மா. இந்தப் பௌர்ணமியை விட்டா தைப்பூசம்தான்னு சொன்னீங்களே. ஊர்ல இருந்து கிளம்பிட்டாங்க, நாப்பது பேர். தீட்சை ஏன் இல்லைன்னு கேப்பாங்களே?"

"கேட்டா சொல்லுங்க," என்றார் அம்மை, மேடையைவிட்டு இறங்கியபடி. "சொல்லி முடிச்சதும் ஆளுக்கொரு உளி குடுங்க."

திருமலைக்கொழுந்து தைப்பூசத்தன்று தீட்சை பெற்றார். பங்குனியில் காலமானார்.