ஒத்தத் தும்மல்

"எனக்கு மட்டும் ஏன் சாமி கடன் குடுக்க மாட்டேங்குறாக? என் மூஞ்சியில 'இவ திருப்பித் தரமாட்டா'ன்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

அன்னக்காமு கேட்டதும் சாமி நிமிர்ந்து அவ மூஞ்சியைப் பார்த்தார். நிசமாவே எழுதியிருக்கான்னு தேடுற மாதிரி.

"மாவுதான் ஒட்டியிருக்கு தாயே."

அவ முந்தானையால தொடச்சுக்கிட்டா.

சாமி இருக்கிறது மலையடிவாரத்துல, ஒரு தகரக் கொட்டகையில. சாமியாராகுறதுக்கு முன்னாடி பேங்க் மேனேஜர். பேர், ஊர், பேண்ட், சட்டை எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தார். ஊரு விடல. 'லோன் சாமி'ன்னு பேர் வச்சிருச்சு. மோட்சத்துக்கு வழி கேட்டு இதுவரைக்கும் ஒரே ஒருத்தன்தான் வந்தான். அவனும் கிளம்பும்போது, "அப்படியே ஒரு கறவை மாட்டு லோனுக்கும் வழி சொல்லுங்க சாமி"ன்னான்.

சாமி சலிச்சுக்கிறதில்ல. "அப்ப வஞ்சுட்டுப் போனாங்க, இப்ப கும்பிட்டுட்டுப் போறாங்க. முன்னேற்றந்தானே" அப்படிம்பார்.

அன்னக்காமு சாமியைவிடப் பத்து வயசு மூத்தவ. கடைத்தெருவுல மாவு மில்லு வச்சிருக்கா. இருக்கிறது ஒரே மிஷின். அதுலதான் பச்சரிசி, அதுலதான் கோதுமை, அதுலதான் மிளகாய் வத்தல். வத்தல் அரைச்ச பின்னாடி எம்புட்டுத் தொடச்சாலும் அடுத்து வர்ற மாவுல ஒரு சுருக்கு இருக்கும். இடியாப்பம் உறைக்குதுன்னு தெருவே சொல்லும். சொல்லிட்டு அவகிட்டயேதான் வரும்.

இப்ப பைபாஸ்ல புதுசா ஒரு மில்லு வந்திருச்சு. அங்க வத்தலுக்குத் தனி மிஷின்.

"வெயிலு ஏற ஏற ஊரே வத்தல் அரைக்கும் சாமி. அதுக்குள்ள நானும் தனி மிஷின் போடலைன்னா, போன சனம் அங்கிட்டே தங்கிரும். அப்புறம் மில்லைப் பூட்டிட்டு நான் மாவுச் சல்லடையைத்தான் தலையில கவுத்துக்கணும்."

"பேப்பர் எல்லாம் இருக்கா?"

மடியில இருந்த பையை நீட்டுனா. சாமி ஒவ்வொண்ணாப் புரட்டினார். லைசென்ஸு, கரண்டு பில்லு, பேங்க் பாஸ்புக்கு, மிஷினுக்கு விலை எழுதி வாங்குன சீட்டு. பார்க்கப் பார்க்க அவர் கண்ணுல பழைய மேனேஜர் ஒரு நிமிசம் எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

"குறையே இல்லையே."

"அதைத்தான் மேனேஜரும் சொன்னாரு! 'பேப்பர் ஜோருமா, நேர்ல வந்து பாக்குறேன்'னாரு. வந்தாரு. பாத்தாரு. 'மில்லு ஓடுற மாதிரியே தெரியலையேம்மா, இன்னொரு நாள் வர்றேன்'னுட்டுப் போயிட்டாரு."

மேனேஜர் சொன்னதை அவ மூக்கால பேசிக் காட்டுனா. அவரு மூக்காலதான் பேசுவார் போல.

"வட்டிக்கு விடுறவன் எவ்வளவோ தேவலாம் சாமி. ஒண்ணும் பாக்க மாட்டான். கேட்ட அன்னைக்கே எடுத்து வச்சுருவான்."

"அவன் மில்லைப் பாக்க மாட்டான். வீட்டைப் பாப்பான்."

அவ பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டா. "திரும்ப வர்றப்ப மேனேஜரை எப்படி வரவேற்கணும்னு சொல்லிக் குடுங்க சாமி. அதுக்குத்தான் வந்தேன்"னா.

"வியாழக்கிழமை நானே வர்றேன். என்னைய மேனேஜர்னு நெனச்சுக்குங்க. போன தடவை என்ன செஞ்சீங்களோ அதையே செஞ்சு காட்டுங்க."

"அதைவிட ஜோரா செய்வேன் சாமி!"

செஞ்சா.

வியாழக்கிழமை விடியும்போதே மில்லு பளபளன்னு இருந்துச்சு. தரையைக் கழுவி விட்டாச்சு. சுவத்துல ஒட்டியிருந்த மாவையெல்லாம் சுரண்டியாச்சு. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. மூலையில ஜமுக்காளம் விரிச்சு, அது மேல மடக்கு நாற்காலி. பக்கத்துல இளநி, சீவித் தயாரா.

அவ ஸ்டூல் மேல ஏறி வாசல்ல மாவிலை கட்டிக்கிட்டிருந்தா. முதுகுப் பக்கம் யாரோ செருமுனாங்க.

"வத்தல் அரைக்கணும்."

"இன்னைக்கு அரைக்கிறதில்லீங்க. பெரிய ஆளு ஒருத்தர் வர்றாரு."

"அவசரம்."

"அவசரம்னா பைபாஸ் மில்லுக்குப் போங்க."

திரும்பிக்கூடப் பாக்கல. மாவிலை கோணிக்கிட்டு நின்னுச்சு, அதை நிமிர்த்திக்கிட்டிருந்தா.

அப்புறம் தூக்குவாளியோட பொம்பளைங்க வந்தாங்க. நாளைக்கு வாங்கன்னா. கோதுமைப் புரோட்டா கடை சன்னாசி மொபெட்ல கோதுமை மூட்டையோட வந்தான். "தம்பி, இன்னைக்கு ஒரு நாளு மன்னிச்சுக்கப்பா"ன்னா. "என்னக்கா, யாருக்காச்சும் கல்யாணமா?"ன்னு மாவிலையைப் பார்த்துக் கேட்டுட்டுப் போனான்.

உச்சி வெயிலுக்குச் சாமி உள்ள வந்தார். காவி இல்ல. பழைய சட்டை, வேட்டி, தலையில துண்டு. கையில ஒரு மஞ்சப்பை.

"வாங்க சாமி, வாங்க! இப்பத்தான் வந்தீகளா?"

"காலையிலயே வந்துட்டேன் தாயே. பைபாஸ் மில்லுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"எந்தக் கூறு கெட்ட ஆளு அப்படிச் சொன்னது?"

"மில்லு ஓனரு."

"எந்த மில்லு ஓ…"

அவ வாய் திறந்தது திறந்தபடி நின்னுச்சு. சாமி மஞ்சப்பையை லேசா ஆட்டிக் காட்டினார். உள்ள வத்தல் சலசலன்னுச்சு. யாரோ காணிக்கையா வச்ச வத்தல்.

"எதிர்த்தாப்ல சைக்கிள் கடையிலதான் உக்காந்திருந்தேன். மேனேஜர் வந்தப்ப எங்க உக்கார வச்சீங்க?"

அவ மூலையைக் காட்டுனா. சாமி போய் அந்த நாற்காலியில உக்காந்தார். இளநியைக் குடிச்சார். சுத்தியும் முத்தியும் பார்த்தார்.

மில்லு அவ்வளவு அமைதியா இருந்துச்சு. ஒரு ஈ பறந்தா அது எங்க உக்காருதுன்னு கேக்கும்.

"அன்னைக்கும் மிஷினை நிறுத்தித்தான் வச்சிருந்தீங்களா?"

"பின்ன? வத்தல் நெடி சாமி. உள்ள வர்ற மனுசன் எடுத்த எடுப்புல ஒத்தத் தும்மல் போட்டாருன்னா சகுனம் என்னத்துக்கு ஆகும்? கடன் தர வர்றவர் தும்மலாமா?"

"அதுக்காக நிறுத்துனீங்க."

"அதுக்காகத்தான்."

சாமி இளநி மட்டையை ஓரமா வச்சார். அப்புறம் மஞ்சப்பையை எடுத்து அவ கையில குடுத்தார்.

"அரைங்க."

"சாமி, மாலை போட்டிருக்கு…"

"கழட்டுங்க."

மாலை கழண்டுச்சு. சுவிட்சு விழுந்துச்சு. மிஷின் முதல்ல ஒரு செருமு செருமிட்டு, 'தடதடதட'ன்னு பிடிச்சுக்கிச்சு. பெல்ட் சத்தம் தெருமுனை வரைக்கும் போச்சு.

போன தூக்குவாளிங்க திரும்புச்சு. "அக்கா, ஓடுதா? ஓடுதாக்கா?"

வாசல்ல செருப்புச் சத்தம். உள்ள செவப்பா நெடி எந்திரிச்சு, நாற்காலிப் பக்கமா நகர்ந்து, நேரா சாமி மூக்குக்குள்ள போச்சு.

சாமி கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். மோவாயை மேல தூக்கினார். ஞானம் வருதுன்னு வாளி வச்சிருந்தவ ஒருத்தி கையெடுத்தே கும்பிட்டுட்டா.

"ஹா… ஹா… ஹச்ச்ச்!"

"அய்யய்யோ சாமி! ஒத்தத் தும்மல்! நான் சொன்னேன்ல…"

சாமி மூக்கைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சார். மடக்கு நாற்காலியைப் 'படக்'குன்னு மடக்கினார். ஜமுக்காளத்தைச் சுருட்டினார். ரெண்டையும் தூக்கிட்டுப் போய் வாசலுக்கு வெளிய வச்சுட்டு வந்தார். வத்தப்பொடியை வாங்கிக்கிட்டு, "கூலி?"ன்னார்.

"உங்ககிட்டப் போயி கூலியா சாமி?"

"மேனேஜர் அரைச்சா அவர்கிட்ட வாங்குவீங்களா?"

"அவருகிட்ட எப்படி…"

"அப்ப கடனை எதை வச்சுக் கட்டுவீங்க தாயே?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே கையை நீட்டுனா. சாமி சில்லறையை வச்சுட்டு நடையைக் கட்டிட்டார்.

அடுத்த வாரம் எந்த நாளும் மேனேஜர் வரலாம்னு பேங்க்ல இருந்து போன் வந்துச்சு.

அன்னக்காமுக்குக் கை பரபரன்னுச்சு. விளக்கமாறு இருக்கிற பக்கம் கை தன்னால போகும். இழுத்து வச்சுக்குவா. ஒரு இளநியாவது வாங்கி வைக்கலாமான்னு தோணும். வாங்கல. சாயங்காலமானா, 'அந்தச் சாமி பேச்சைக் கேட்டுக் கெட்டோமோ'ன்னு கூட ஒரு நெனப்பு. காலையில சனம் வந்து நின்னதும் அந்த நெனப்புக்கும் நேரமில்ல.

புதன்கிழமை கூட்டம்னா கூட்டம். மில்லு முழுக்க மாவுப் புகை. வாளிங்க வாசல் தாண்டி ரோட்டுல நிக்குது. அவ தலை, புருவம், கன்னம் எல்லாம் வெள்ளை. முழங்கைக்குக் கீழ செவப்பு. குனிஞ்சு பொடியை அள்ளிக்கிட்டிருந்தா.

"அம்மா…"

"வரிசையில வாங்க."

"இல்லம்மா, நான் வந்து…"

"யாரா இருந்தாலும் வரிசையிலதான். அவுக எல்லாம் காலையில இருந்து நிக்கிறாக."

குரல் மூக்கால வந்துச்சேன்னு அவளுக்கு அப்புறந்தான் உறைச்சது. மெதுவா நிமிர்ந்தா.

மேனேஜர் வரிசைக் கடைசியில போய் நின்னுட்டார். கையில ஃபைலு. அவருக்கு முன்னாடி சன்னாசி, மூட்டையோட.

மில்லுக்குள்ள ரகசியம் பேச முடியாது. எதுன்னாலும் கத்தணும். அதனால எல்லாம் அவ காதுல விழுந்துச்சு.

"சார் புதுசா?" சன்னாசி கத்துனான். "என்ன அரைக்கணும்? கோதுமையா? அப்பன்னா வத்தலுக்குப் பின்னாடி மட்டும் நின்னுறாதீக! நான் ஒரு தடவை பச்சரிசியோட நின்னுட்டேன். சம்பந்தி வீட்டுக்குக் குடுத்துவிட்ட அதிரசம் உறைக்குதுன்னு பேசுன பேச்சு இருக்கே, இன்னும் ஓயல!"

"அப்புறம் எதுக்கு இங்கயே வர்றீங்க?" மேனேஜரும் கத்துனார்.

"பைபாஸ் மில்லுல மாவு சூடேறிக் கருகுது சார்! புரோட்டா வீச வரல, பிய்யுது! இந்தக்கா பதம் வேற எவனுக்கும் வராது! இன்னொரு மிஷின் போட்டா தீந்துச்சு! பேங்க்ல கேட்டிருக்காம். எவனோ ஒரு மேனேஜராம், வந்து இளநியைக் குடிச்சுப்புட்டு மில்லு ஓடலைன்னுட்டுப் போனானாம்! கண்ணு அவிஞ்ச பய!"

அன்னக்காமு கண்ணால ஜாடை காட்டுனா. சன்னாசி அதைக் கண்ணுல தூசின்னு நெனச்சுக்கிட்டான்.

அந்த நேரம் பார்த்து நெடி மேனேஜர் பக்கம் திரும்புச்சு.

அவர் கண்ணு சுருங்குச்சு. மூக்கு விடைச்சது. ஃபைலைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தார். முடியல.

"ஹச்ச்!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. ஒண்ணு. ஒத்தத் தும்மல். அன்னக்காமு கை சுவிட்சுப் பக்கம் போச்சு. நிறுத்திரலாமா?

வாசலுக்கு வெளிய, சுவத்துல சாஞ்சபடிக்கு அந்த மடக்கு நாற்காலி இன்னும் அப்படியே நின்னுச்சு.

கையை எடுத்துக்கிட்டா. அடுத்த வாளியை எடுத்துக் கொட்டுனா.

"ஹச்ச்ச்!"

"ரெட்டைத் தும்மல்! ஆயுசு நூறு!" அப்படின்னு வரிசையில ஒரு பொம்பளை கத்துனா.

"இருநூறு!" அப்படின்னான் சன்னாசி.

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணுல, மூக்குல தண்ணி. மூக்குக் குரலும் போயி, இப்ப நல்ல கட்டைக் குரல்ல வந்துச்சு.

"ஏம்மா! அந்த ரெண்டாவது மிஷினை எங்க போடப் போறீங்க?"

அன்னக்காமு செவந்த கையை நீட்டி, போன தடவை அவருக்கு நாற்காலி போட்டிருந்த மூலையைக் காட்டுனா.

அவர் அதைப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஹச்ச்ச்ச்!"

"முந்நூறு!" அப்படின்னுச்சு வரிசை மொத்தமும்.