கண்ணாடி கழற்றிய கார்

முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

பந்தயக் கார்கள் பெரும்பாலும் திருப்பத்தில்தான் ஒன்றையொன்று முந்துகின்றன. பின்னால் வருபவர் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி, வளைவின் உட்புறமாக, முன்னால் செல்பவரின் பக்கத்தில் தம் காரின் மூக்கை நுழைப்பார். முன்னால் செல்பவர் அதைக் கண்ணாடியில் பார்ப்பார். பார்த்தபின் அவர் ஒதுங்கி வழி விடலாம். ஒதுங்காமல் தம் போக்கிலேயே காரைத் திருப்பலாம். திருப்பினால் இரு கார்களும் மோதும்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் கோவைக்கு வெளியே உள்ள ஓர் ஓடுதளத்தில் நடக்கவிருந்தது. புள்ளிகளில் முதலிடம் குழந்தைவேலுக்கு. இரண்டே புள்ளிகள் குறைவாக இரண்டாமிடம் அருமைநாதனுக்கு. குழந்தைவேலுக்கு முன்னால் அருமைநாதன் முடித்தால் கோப்பை அவருடையது. இருவருமே பந்தயத்தை முடிக்காவிட்டால் கோப்பை குழந்தைவேலுடையது.

கோதைநாயகி அக்கோப்பையை மும்முறை வென்றவர். ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஓட்டுநர்களுக்குக் கற்றுத் தந்துகொண்டிருந்தார். குழந்தைவேலைவிட ஐந்து வயது இளையவர். அவர் குழந்தைவேலை ‘அண்ணா’ என்பார். குழந்தைவேல் அவரை ‘டீச்சர்’ என்பார்.

இவ்வளவு போதும்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் பிற்பகல். பயிற்சி முடிந்து ஓடுதளம் காலியாகிவிட்டது. குழந்தைவேல் வந்து நின்றபோது, கோதைநாயகி குந்தி அமர்ந்து தம் காரின் டயரில் காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகமுங்க.”

“கேளுங்கண்ணா.”

“நாளைக்கு அருமைநாதன் ஒதுங்க மாட்டானாம்.”

“யாரு சொன்னா?”

“அவனேதான். கேன்டீன்ல, எல்லார் முன்னாலயும். ‘இந்த வருசம் மூணு தடவை நாலாம் திருப்பத்துல அவருக்கு வழி விட்டேன், இனிமே விட மாட்டேன்’னு சொல்லியிருக்கான்.”

“சரி. நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“நானும் ஒதுங்க மாட்டனுங்க.”

“முட்டுமே.”

“முட்டட்டும். கப்பு எனக்குத்தானுங்களே.”

குழந்தைவேலின் மெக்கானிக் முபாரக் பின்னால் நின்று சிரித்தார். “கணக்கு சரிதானுங்களே டீச்சர்? ஒண்ணுக்கு ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டோம்.”

“கணக்கு சரி” என்றார் கோதைநாயகி. “அப்புறம் சந்தேகம் எங்க வந்துச்சு?”

குழந்தைவேல் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அது தப்புங்களா?”

கோதைநாயகி அடுத்த டயருக்கு நகர்ந்தார்.

“மூணு தடவை முந்துனீங்களே, எதை வச்சு முந்துனீங்க?”

“இதென்ன கேள்வி? தைரியத்தை வச்சுத்தான்.”

“அருமைநாதனுக்கு அது இல்லையா?”

“இருந்தா எதுக்குங்க ஒதுங்கறான்?”

கோதைநாயகி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“முபாரக்கண்ணா, அந்த ஸ்பேனரைக் குடுங்க.”

தம் காரின் வலப்பக்கக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இடப்பக்கக் கண்ணாடியை.

முபாரக் பதறினார். “டீச்சர், டீச்சர்! நான் ஒரு போல்ட்டைத் தொட்டாலே கத்துவீங்க. இப்ப நீங்களே பிச்சு எறியறீங்க?”

“எறியலை. பத்திரமா வச்சுக்குங்க.” அவற்றை முபாரக்கின் கையில் கொடுத்தார். “வேலண்ணா, உங்க காரை எடுங்க. நாலாம் திருப்பத்துல என்னை முந்துங்க. முந்திட்டீங்கன்னா, உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்.”

“நான் எங்க வர்றேன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?”

“தெரியாது.”

“தலையைத் திருப்பிப் பாப்பீங்களா?”

“மாட்டேன்.”

“விளையாடாதீங்க டீச்சர்.”

“நீங்க நாளைக்குச் செய்யப்போறதுதானேண்ணா? இன்னைக்கே செஞ்சு பாருங்க.”

அவர் காரில் ஏறி அமர்ந்தார்.

முதல் சுற்றில் குழந்தைவேல் அருகே வரவில்லை. இரண்டாம் சுற்றில் வந்தார். கோதைநாயகி வேகமாக ஓட்டவில்லை, தாறுமாறாகவும் ஓட்டவில்லை. எவரும் பின்னால் இல்லாததுபோல் ஓட்டினார். நான்காம் திருப்பம் நெருங்கியது. குழந்தைவேல் காரின் மூக்கை உட்புறம் நுழைத்தார்.

முன்னால் இருந்த வெள்ளை ஹெல்மெட் அசையவில்லை. கார் திரும்பத் தொடங்கியது.

குழந்தைவேல் பிரேக்கை மிதித்தார். டயர்கள் அலறின.

அடுத்த சுற்றிலும் அவ்வாறே. அதற்கடுத்த சுற்றில் முன்னதைவிட நெருங்கினார். இரு கார்களின் சக்கரங்களுக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லை. வெள்ளை ஹெல்மெட் அசையவில்லை. குழந்தைவேலின் கால் தானாகவே பிரேக்கில் இறங்கியது.

பிறகு வந்த சுற்றுகளில் அவர் மூக்கை நுழைக்கவே இல்லை. அந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தார்.

கார்கள் நின்றன. குழந்தைவேல் இறங்காமல் அமர்ந்திருந்தார். கோதைநாயகிதான் அவரிடம் வந்தார்.

“என்னாச்சுண்ணா?”

“வர முடியலீங்க.”

“கார்ல கோளாறா?”

“இல்லீங்க.”

“தைரியம் இருந்துச்சே?”

“நீங்க பாக்கலையே டீச்சர்!”

“நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? உங்க கார், உங்க கால்.”

குழந்தைவேல் கையுறையைக் கழற்ற முயன்றார். அது உடனே கழன்று வரவில்லை.

“தலை சாயுமுங்க” என்றார்.

“யாரு தலை?”

“அருமைநாதன் தலை. நான் உள்ள வந்ததும், கண்ணாடியைப் பாக்க லேசாச் சாயும். பாத்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன். அதுக்கப்புறந்தான் பிரேக்கை விடுவேன். மூணு தடவையும் அப்படித்தான் விட்டிருக்கேன்.” சற்று நிறுத்தினார். “அதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.”

முபாரக் இரு கண்ணாடிகளையும் மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். “அண்ணா, நாளைக்கு ரேஸ். இன்னைக்குப் போய் இதையெல்லாம் யோசிக்கலாமா? நல்லாத் தூங்குங்க, போதும்.”



கோதைநாயகி அவரிடமிருந்து கண்ணாடிகளை வாங்கி, மீண்டும் பொருத்தத் தொடங்கினார்.

“டீச்சர், அது தப்பான்னு கேட்டேன்.”

“முந்துனா சொல்றேன்னேன். முந்தலையே.”

“நாளைக்கு நான் என்னங்க பண்றது?”

கோதைநாயகி கடைசி போல்ட்டை இறுக்கினார். கண்ணாடியைச் சற்றே திருப்பி, அதில் குழந்தைவேலின் முகம் தெரியும்படி நிறுத்தினார்.

“நாளைக்கு அருமைநாதன் கார்ல கண்ணாடி இருக்கும்ணா.”

பின்னர் உறுதியானவை வருமாறு.

கடைசிச் சுற்றில் நான்காம் திருப்பத்துக்கு அருமைநாதன் முதலாவதாகவும், குழந்தைவேல் அவரை ஒட்டி இரண்டாவதாகவும் வந்தனர். குழந்தைவேலின் காரின் மூக்கு உட்புறம் நுழைந்திருந்தது. மோதல் நிகழவில்லை.

குழந்தைவேல் பிரேக்கை முழுவதுமாக அழுத்திப் பின்வாங்கினார். அதே திருப்பத்தில் அருமைநாதனும் ஒதுங்கி உட்புறத்தில் வழி விட்டார். இருவரும் விட்ட இடைவெளியில் மூன்றாவதாக வந்த தயானந்தன் புகுந்து பந்தயத்தை வென்றார். அது செல்லுமா என்று நடுவர்களிடம் முதலில் கேட்டவரும் தயானந்தன்தான். செல்லும் என்றனர்.

இருவரில் முதலில் விட்டுக்கொடுத்தவர் யார் என்பதை நடுவர்கள் காட்சிப் பதிவில் பார்த்தனர். குழந்தைவேலின் கார் பின்வாங்கத் தொடங்கிய பிறகே அருமைநாதனின் தலை சாய்ந்தது.

அருமைநாதன் இரண்டாவதாகவும் குழந்தைவேல் மூன்றாவதாகவும் முடித்தனர். கோப்பை அருமைநாதனுக்குப் போனது. குழந்தைவேல் பின்வாங்காதிருந்தால், அருமைநாதன் விட்ட வழியில் சென்று கோப்பையை வென்றிருப்பார் என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. முபாரக் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஒதுங்க மாட்டேன் என்று கேன்டீனில் சொன்னது உண்மையே என அருமைநாதன் ஒப்புக்கொண்டார். பிறகு ஏன் ஒதுங்கினீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டனர்.

“பழக்கம்” என்றார்.

குழந்தைவேலிடமும் அதே கேள்வியைக் கேட்டனர்.

“எனக்கு இது முதல் தடவைங்க” என்றார்.